நெற்றி மட்டும் தெரியும் வாரம்

உனக்கு அனுப்ப வேண்டிய பார்சல் என் முன்னால் திறந்து கிடக்கிறது. எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, நீ விட்டுவிட்டுப் போன பச்சைச் சுடிதார். அந்தச் சுடிதாரின் மடிப்புக்குள் பெயர் ஒட்டாத இரண்டு வெள்ளை டப்பா. சாயங்காலம் திருநெல்வேலிக்குப் போய்க் கோயம்புத்தூர் பஸ்ஸில் இதைப் போட வேண்டும். இன்று எனக்கு ஷிப்ட் இல்லை, அதனால் இந்த வேலை என் தலையில். சுடிதாரை எடுத்து உதறியதும் டப்பா இரண்டும் தரையில் உருண்டன. உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பிள்ள கேட்டா, அனுப்புதேன். அதுல என்ன இருக்குன்னு இப்படிப் பாக்கிய?"

"என்ன இருக்குன்னு டப்பாவுல எழுதவே இல்லையே. அதான் பாக்கேன்."

"கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆகல. அவ அங்கன முகத்த மூடிக்கிட்டா உக்காந்திருப்பா?"

போனில் இதையெல்லாம் உன்னிடம் பேச முடியாது. இரண்டாவது வாக்கியத்திலேயே என் குரல் ஏறிவிடும். நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கேட்பாய். அதனால் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்றை, உன் பெயரில்லாமல், மற்றவர்கள் படிப்பதற்கும் கொடுக்கப் போகிறேன். இந்த ஆற்றங்கரை நெடுக நம் வீடு மாதிரி வீடுகள் இருக்கின்றன. எனக்கு வயது நாற்பத்தொன்று. டிப்ளமோ முடித்த கையோடு அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டவன், உன்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று "அண்ணனா?" என்றுதான் கேட்டார்கள். நரைத்த தகப்பனின் புத்திமதியை இதில் தேடாதே. குடிதண்ணீர் நிலையத்தில் கருவி பழுதுபார்க்கிற ஒருவன், தன் வீட்டில் நடந்த ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிற அறிக்கை என்று வைத்துக்கொள்.

பள்ளி முடிக்கும் வருஷம் உனக்குப் பரு வர ஆரம்பித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது மாதிரி நெற்றியில் பொடிப்பொடியாக வந்து போயிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. உனக்குத் தாடையில் வந்தது. காதுக்குக் கீழே தொடங்கி முகவாய் வரைக்கும், தோலுக்கு அடியில் கல் மாதிரி. வெளியே தெரிவதற்கு முன்னாலேயே வலிக்கும் என்பாய். தலையணையில் அந்தப் பக்கம் படுக்க மாட்டாய். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அம்மா சூடு என்றாள், இளநீர் வந்தது. சித்தி கண்ணேறு என்றாள், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நான் எண்ணெய்ப் பலகாரம் என்றும் அழுக்கு என்றும் சொன்னேன். நீ சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினாய். தோல் உரிந்து சிவந்ததே தவிர, கல் அங்கேயேதான் இருந்தது. பிறகு அதுவாகவே அடங்கியது. அடங்கியதும் இளநீர்தான் காரணம் என்றாள் அம்மா, மிளகாய்தான் என்றாள் சித்தி. அடுத்த மாசம் திரும்ப வந்தபோது, முந்தின மாசம் ஜெயித்தவர்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் நிலையத்தில் தண்ணீரின் கலங்கலை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது வரையும் கோடு ஒரு சமயம் திடீர் திடீரென ஏறியது. ஆறு கலங்கி வருகிறது என்றார்கள் எல்லாரும். ஆற்றில் முழங்கால் தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிறது, மழையும் இல்லை. கோட்டை முழுக்க விரித்துப் பார்த்தேன். ஏற்றம் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் இருந்தது. வெள்ளம் இடைவெளி பார்த்து வராது. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுக்குக் காரணம் உள்ளே ஓடுகிற ஏதாவது ஒரு சுற்றாகத்தான் இருக்கும். வடிகட்டி மணலைக் கழுவுகிற முறை வரும்போதெல்லாம் கோடு ஏறியது, விஷயம் அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்தபோது நீ விளக்கேற்றிக்கொண்டிருந்தாய். தாடையில் புதிதாக இரண்டு கல். எனக்குச் சட்டென்று உறைத்தது.

நம் வீட்டில் சாமி விளக்கு ஏற்றுவது நீ. மாசத்தில் சில நாள் மட்டும் அம்மா ஏற்றுவாள், நீ அந்த அறைப் பக்கம் வரமாட்டாய். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் எந்தத் தகப்பனுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். நானும் பிடித்தேன். ஆனால் அதற்குப் பிறகு பேப்பரின் ஓரம் வழியாகப் பார்த்தேன். அம்மா விளக்கேற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு உன் தாடை வீங்கும். அம்மா ஏற்றத் தொடங்கி ஓரிரு நாளில் வலி தணியும். நீ மறுபடி ஏற்றும்போது முகம் தெளிந்து, கறுப்புத் தழும்பு மட்டும் மிஞ்சும். நான்கைந்து மாசம் கவனித்தேன். பிசகவில்லை. நம் வீட்டில் எல்லார் கண்ணுக்கும் முன்னால், தினமும் எரிகிற விளக்கிலேயே காரணம் இருந்தது. இளநீருக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

அதற்குள் உன்னைப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். படிப்பு முடியட்டும் என்றேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. நம் பக்கத்தில் முதலில் கோயிலில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்த மாதிரி வருவார்கள், தற்செயலாகச் சந்தித்த மாதிரி நிற்பார்கள். பிடிக்காவிட்டால் அவரவர் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடலாம், கேசரி மிச்சம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோயில் என்றால் நீ விளக்கேற்றுகிற நாளாக இருக்க வேண்டும். வளர்பிறையாகவும் இருக்க வேண்டும். உனக்கோ அந்த மாசங்களில் பௌர்ணமி கழிந்து வந்துகொண்டிருந்தது. உன் அம்மா இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "வாரதுக்குள்ள முடிச்சிருவோம்" என்பாள். வருவதற்குள் என்றால், வருவதற்கு முந்தின வாரம். அதாவது மாசத்திலேயே உன் முகம் மிக மோசமாக இருக்கிற வாரத்தைத் தேடித் தேடிப் பிடித்து, அந்த வாரத்தில் உன்னை அந்நியர் முன்னால் நிறுத்தினோம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ஆழ்வார்திருநகரியில் முதல் தடவை வந்தவர்கள் உன்னைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் கையிலிருந்த போனில் உன் போட்டோவைப் பார்த்தார்கள், மறுபடி உன்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பிரியமாகத்தான் கேட்டார்கள்: "பிள்ளைக்குச் சமீபத்துல அம்மை போட்டிருந்ததோ?" உன் அம்மா, "இல்ல, சும்மா சூடு" என்றாள். "ஆமா, இந்த வருஷம் வெயில் கூடுதல்லா" என்று அந்த அம்மாள் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். கார்த்திகை மாசம், வெளியே தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துப்பட்டாவைத் தாடைக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாய். அதன் பிறகு அந்தக் கை அங்கேயே தங்கிவிட்டது. பேசும்போது, சாப்பிடும்போது, தூங்கும்போது.

மூன்றாவது தடவைக்கு முன்னால் நான் உன் அம்மாவிடம் நேராகச் சொன்னேன்.

"பத்து நாள் தள்ளி வையி. முகம் தெளிஞ்சிரும்."

"பத்து நாள் கழிச்சா தேய்பிறை. யாரு வருவா?"

"அப்ப கோயில் வேண்டாம். வாரவுக வீட்டுக்கு வரட்டும்."

"வீட்டுக்கு வந்தாலும் அதே தேய்பிறைதான. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எண்ணிக்கிட்டா இருக்கிய? வெக்கமா இல்ல?"

நான் கத்தினேன். கத்தியதும் பேச்சு முடிந்தது. கத்துகிறவனின் கணக்கு சரியாக இருந்தாலும் வீட்டில் அது செல்லாது. மூன்றாவது வீட்டுக்காரர்கள் பிரசாதம்கூட வாங்காமல் போனார்கள்.

பாளையங்கோட்டையில் தோல் டாக்டரிடம் உன்னையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனது அதன் பிறகுதான். அந்த டாக்டரம்மா உன் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாசா மாசம் எப்ப வலிக்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் எழுந்து வெளியே போனேன். உள்ளே கூப்பிட்டபோது அவர்கள் சொன்னவை நான் பேப்பர் ஓரத்தில் கண்டுபிடித்தவைதான்: இடம் தாடை, காலம் மாதவிலக்குக்கு முந்தின வாரம், தோலுக்கடியில் வலிக்கும் கட்டி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருகிற பருவாக இருக்க வாய்ப்பு அதிகம். அழுக்கோ சாப்பாடோ முதல் காரணம் கிடையாது. நாள் தள்ளித் தள்ளிப் போனாலோ, முகத்தில் முடி அடர்ந்தாலோ, தலைமுடி கொட்டினாலோ சினைப்பையையும் பார்க்க வேண்டும். இரத்தம் பார்த்தார்கள், அதில் கோளாறு இல்லை. பூசுவதற்கு ஒரு மருந்து, கூடவே தினமும் ஒரு மாத்திரை. மாசக்கணக்கில் ஆகும், பையத்தான் குறையும், பொறுமை வேண்டும் என்றார்கள். பொறுமை என்ற வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த மாத்திரையை வாங்க உன் அம்மா நம் ஊர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "மதினி, இது பிள்ள உண்டாகாம இருக்கதுக்குச் சாப்பிடுத மாத்திரைல்லா. யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் நான்கு பேர் நின்றிருக்கிறார்கள். உன் அம்மா, "பக்கத்து வீட்டுச் சீட்டு, தப்பா எடுத்திட்டு வந்திட்டேன்" என்று சொல்லிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அந்த மாத்திரையக் குடுத்து, நாளைக்கு எவனாவது ஒண்ணு சொன்னா நீங்களா பதில் சொல்லுவிய?"

"பருவுக்கும் அதே மாத்திரைதான் குடுப்பாங்க. டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட."

"டாக்டரா வந்து இவளைக் கட்டிக்குடுப்பா?"

நான் திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வந்தேன். ஒரு அட்டையில் பாதிகூட நீ முடிக்கவில்லை. அம்மா எடுத்து எங்கோ வைத்துவிட்டாள், நீயும் தேடவில்லை. அந்தச் சமயத்தில்தான் உன் சித்தி அந்த வெள்ளை டப்பாவோடு வந்தாள். பார்லர் நடத்துகிற ஒரு பெண் தானே கலந்து கொடுப்பதாம். "அத்தான், பத்தே நாள். பிள்ள முகத்தப் பாத்திட்டுப் பேசுங்க. இது ஒண்ணும் உங்க பம்புசெட்டு இல்ல, நட்டக் கழட்டிக் கழட்டிப் பாக்கதுக்கு." பத்து நாள்கூட ஆகவில்லை. தாடை வடிந்து, தழும்பு மங்கி, நிறமும் ஒரு படி ஏறி, நீ கண்ணாடி முன்னால் நின்றாய். தாடையிலிருந்து கை இறங்கியிருந்தது. வெகு நாளைக்குப் பிறகு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தலை வாரினாய். அதைப் பார்த்த பிறகு நான் என்ன சொல்லியிருந்தாலும் அந்த வீட்டில் எடுபட்டிருக்காது. எனக்கே சொல்லத் தோன்றவில்லை.

நாங்குநேரிக் கோயிலில் நான்காவது வீடு. அதே வளர்பிறை, அதே தவறான வாரம். உன் மாமியார் உன் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "பளிங்கு மாதிரில்லா இருக்கு. ஒரு பொட்டுத் தழும்பு கிடையாது" என்றார்கள். அங்கேயே நின்று தேதி பேசிவிட்டார்கள். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எரிச்சலில் நின்றேன். எங்கள் நிலையத்தில் எச்சரிக்கை விளக்கு சும்மா சும்மா எரிகிறது என்று ஒரு புத்திசாலி பல்பைக் கழற்றி வைத்தான். விளக்கு அணைந்துவிட்டது, எல்லாருக்கும் நிம்மதி. மோட்டார் உள்ளே கருகிக்கொண்டிருந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு நான் மட்டும் டாக்டரிடம் போனேன். இந்த மாதிரிப் பெயரில்லாத கிரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார்கள். முதலில் எல்லாவற்றையும் அடக்கிக் காட்டும். நாளாக ஆக, தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பும். அதனால் சட்டென்று நிறுத்தக் கூடாது, மெல்லக் குறைக்க வேண்டும், என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வந்து உன்னிடம் சொன்னேன். நீ மருதாணி வைத்த கையை விரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாய். "கல்யாணம் முடியட்டும்ப்பா. போட்டோல்லாம் எடுப்பாங்கல்லா" என்றாய். அந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. முகம் வீங்கிய மணப்பெண்ணைப் பார்த்து இந்த ஊர் என்னென்ன பேசும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணம் முடிந்தது. போட்டோ நன்றாக வந்திருக்கிறது. உன் கணவர் எழுவதற்கு முன்னால் நீ எழுந்து கிரீம் பூசிக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அங்கே ஒரு தோல் டாக்டரிடம் போனாய், உன் மாமியாரும் கூட வந்தார்கள், டாக்டர் அதே மாத்திரையைச் சொல்லப்போக, "அதெல்லாம் வேண்டாம். முதல்ல பேரப்பிள்ளையக் காட்டட்டும், முகத்த அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள் என்பதும் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்த மாத்திரை மானக்கேடு. கல்யாணத்துக்குப் பின்னால் அதுவே குற்றம். நடுவில் அதை நீ விழுங்கியிருக்கக்கூடிய நாள் எது என்று யோசித்துப் பார்க்கிறேன். தாலி ஏறின அந்த ஒரு நிமிஷம் வேண்டுமானால் இருந்திருக்கலாம்.

இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தாடையில் வலி தொடங்குகிற நாளைப் போனில் குறித்து வை. விலக்கு வருகிற நாளையும் குறித்து வை. மூன்று மாசக் குறிப்போடு தனியாகப் போ, அல்லது உன் கணவரோடு போ. அவர் மோசமானவராக எனக்குத் தெரியவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிரீமை மறைக்காமல் டாக்டரிடம் காட்டு. குழந்தைக்கு யோசிக்கிறோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல். பருவுக்குக் கொடுக்கிற மருந்துகளில் சில, வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் கெடுத்துவிடும். பூசுவதிலும் அப்படி உண்டு. அந்தச் சமயத்திலும் போடக்கூடிய மருந்து இருக்கிறது, அவர்கள் பார்த்துத் தருவார்கள். கட்டியைக் கிள்ளாதே. பிறகு இன்னொன்று. இது உன் குற்றம் கிடையாது. உன் உடம்பு ஒழுங்காகத் தன் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரு பக்கவிளைவு, அவ்வளவுதான். இதை நான் உன்னிடம் வாயால் சொன்னதாக ஞாபகம் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு டப்பா ஒன்றை எடுத்து என் சட்டைப்பையில் போட்டேன். மற்றதைச் சுடிதாருக்குள்ளேயே வைத்தேன். அடியோடு நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு ஒன்று, மெல்லக் குறைக்க வேண்டும் என்று சொன்னதற்கு என் சட்டைப்பை. எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான். உன் அம்மா வந்து பார்த்தாள்.

"இன்னொண்ணு எங்க?"

"என்கிட்ட இருக்கு."

"அவ கேப்பா."

"கேக்கட்டும். என்கிட்ட கேக்கட்டும். நான் பேசிக்கிடுதேன்."

உன் அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பார்சலின் வாயை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட அவ ஏன் கேக்கா? தங்கச்சி நேத்தே நாலு அனுப்பிட்டாளாம். இது சும்மா, கையோட இருக்கட்டும்னு வச்சேன்."

சட்டைப்பையிலிருந்த டப்பாவை எடுத்துப் பார்சலுக்குள் திரும்ப வைத்தேன். இந்தத் தாள்களை மடித்து மேலே வைக்கிறேன், திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி. நீ தாள்களை நகர்த்திவிட்டு முதலில் எதை எடுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் வீடியோவில் உன் முகம் முழுசாகத் தெரியும். இப்போது மாசத்தில் அந்த ஒரு வாரம் போனை உயரமாகப் பிடித்துக்கொள்கிறாய். கிரீமுக்கும் அடங்காமல் கிளம்ப ஆரம்பித்துவிட்டது, தாடை தெரியக் கூடாது, அதற்குத்தான். அம்மாவுக்கு இது புரியவில்லை, "பிள்ளைக்குப் போன் பிடிக்கவே தெரியல" என்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த வாரம் நீ கூப்பிடும்போது உன் நெற்றியும், குங்குமமும், அதற்கு மேலே சுற்றுகிற ஃபேனும் மட்டும் தெரியும். சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன்ப்பா என்பாய்.

அப்பா